வினார்சி அக்காவின் எண்

தும்மியதற்காக யாரையும் ஜெயிலில் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மாலாங்கில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் தும்மிய வேகத்தில் முழங்கை இடித்து, வினார்சி அக்காவின் ரத்தக் குழாய் கீழே விழுந்து உடைந்தது. மறுபடி ஊசி குத்தக் கூப்பிட வெட்கம். கை போன போக்கில் ஒரு எண்ணை நானே எழுதிவிட்டேன். பெரிய எண்.

மனைவியின் ரத்தம் கணவனின் விந்தணுவை எதிரியாக நினைத்து விரட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. எண் பெரிதாக இருந்தால், விந்தணு படாமலிருந்து அது இறங்கும்வரை ஆணுறை போடச் சொல்வார் டாக்டர். பிள்ளை கேட்டு வந்தவர்களுக்கு ஆணுறை. எங்கள் ஊரில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

அடுத்த மாதம் ஒழுங்காகச் சோதித்தேன். அக்காவின் ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரேயடியாக இறக்கினால் டாக்டர் துருவுவார், வேலை போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அக்கா வெல்லம் வைத்த க்ளெபோன் உருண்டைகளோடு வர ஆரம்பித்தார்.

"சுகெங் தம்பி, இந்த மாசமாவது இறக்கிக் குடு. மாமியார் என்னை மலட்டுக் கோழிங்கிறா."

"கோழிக்கு ஊசி போடறவன் நான் இருக்கேனே, பயப்படாதீங்க."

சிரித்தார். வீட்டில் தன்னைச் சிரிக்கவைக்க ஆளில்லை என்று அவரே சொன்னார். எண் இறங்கிவிட்டால் அந்த மனுஷி எங்கே போய்ச் சிரிப்பார்? அந்த மாதம் இறக்கவில்லை. அடுத்த மாதம் சற்று ஏற்றினேன்.

அப்புறம் சோதிப்பதையே விட்டுவிட்டேன். வருஷக்கணக்கில், எடுத்த ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு எண்ணை மட்டும் எழுதுவேன். விடை தெரிந்த கணக்கை எதற்குப் போடுவது? அக்கா இருக்கும்போதே கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது ஆறுதல் சொன்னவன் நான்தான். கண் துடைக்கக் கொடுத்த கைக்குட்டைகூட என்னுடையது. நரை விழுந்த பிறகும் அக்கா நம்பிக்கையை விடவில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது நான் என்றுகூடப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நானாகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்று காலை ஊசியை எடுத்தேன், அக்கா கையை நீட்டவில்லை.

"ஏன்க்கா, இனிமே வர மாட்டீங்களா?"

"மாட்டேன் தம்பி. எனக்கு மாசவெலக்கு நின்னுபோச்சு. அந்த நம்பர் இனிமே ஏறினா என்ன, இறங்கினா என்ன."