ஒன்றே முக்கால் கிலோ

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாதது தவறுதான், மேடம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி அன்றைக்கு நான் செய்ததெல்லாம் விவசாயம்.

நீங்கள் விசாரணைக் குழுவின் தலைவர். எல்சி மேடம் என்று கூப்பிட்டால் போதும் என்றீர்கள், சந்தோஷம். என் பெரியப்பா மகள் விண்ணரசி உங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. இல்லாத எலும்புக்கூட்டைக் கம்ப்யூட்டரில் படம் செய்து எல்லாரையும் ஏமாற்றிவிட்டாள் என்று அவள்மேல் புகார். நான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் அவள் தப்பிப்பாள், போடாவிட்டால் நாளைக்கே நீக்கிவிடுவீர்கள். நியாயம்தான். ஆனால் எலும்புக்கூடு இருந்தது.

பூதலூருக்கு மேற்கே எங்கள் அப்பா மிக்கேல்ராஜுக்கு மூன்று ஏக்கர் நிலம். அதன் மூலையில் ஒரு திடல். சுற்றிலும் வயல் இருக்க, நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிற செம்மண் மேடு. அதில் நெல்லும் விளையாது, புல்லும் மனசு வைத்தால்தான் முளைக்கும். அதைச் சமப்படுத்தி நெல் காயப்போடக் களம் அமைக்கலாம் என்று சித்திரையில் அப்பா ஜேசிபி கூப்பிட்டார். ஓட்டிவந்தவர் ரெத்தினம் அண்ணன். ஒன்பதடி ஆழத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"தம்பி, யாரோ படுத்திருக்காங்க" என்றார்.

நான் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. இறங்கிப் பார்த்தேன். மண்டையோடு ஒரு பெரிய மாதுளம்பழம் அளவு. குழந்தை என்றுதான் நினைத்தேன். விண்ணரசி அக்காவுக்கு போன் செய்தேன். பூசையையும் சேர்த்தால் இது என் இரண்டாவது தவறு.

அக்கா தஞ்சாவூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். எந்த வேகத்தில் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி விசாரணை வைக்கவேண்டிவரும். மூன்று வாரம் குழியிலேயே குடியிருந்தாள். பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணை விலக்குவாள், எங்கள் அம்மா கொடுத்தனுப்பும் எலுமிச்சைச் சாதத்தை அந்தக் கையாலேயே சாப்பிடுவாள். ஒருநாள் தாடையைச் சுத்தம் செய்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் கிளமென்ட்டு. ஞானப்பல்லு இருக்குடா."

"சரிக்கா."

"முளைச்சு, மென்னு, தேஞ்சே போயிருக்குடா. கொழந்தைக்கு ஏதுடா ஞானப்பல்லு? இது முழு ஆளு. மூணரையடில முழு ஆளு. இப்பிடி ஒரு மனுச இனம் இருந்ததே ஒலகத்துல எவனுக்கும் தெரியாது."

பிறகு ஆடினாள், மேடம். குழிக்குள் இடமில்லாததால் நின்ற இடத்திலேயே ஆடினாள். ரெத்தினம் அண்ணன் ஜேசிபியின் கையை மேலும் கீழும் ஆட்டினார். அம்மா கேசரி கிண்டினாள். எங்கள் வீட்டில் யார் பிறந்தபோதும் அவ்வளவு முந்திரி விழுந்ததில்லை.

செய்தி டீக்கடைக்குப் போனது. "வாடா கிளமென்ட்டு" என்றார் சாமிதுரை மாமா. "ஒங்க சொந்தக்காரரு கெடச்சுட்டாராமே. பங்கு பிரிக்க வந்துடப் போறாருடா, பாத்து."

என் உயரம் நாலடி ஒன்பது அங்குலம், செருப்போடு பத்து. இதற்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் வரிசையில் முதல் ஆள் நான்தான், பாடத்தில் இல்லாவிட்டாலும். பங்குக் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் கல்லூரி முதலாண்டு வரை ஆட்டுக்குட்டியாக நடித்தேன், நல்ல பெயர். போன மாதம்கூட ஒரு கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துவிட்டு என் மீசையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். இதெல்லாம் என்னைப் பாதித்ததே இல்லை. பாதித்திருந்தால் இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருக்க முடியுமா?

அடுத்து அந்தப் படம். எலும்புகளை எடுப்பதற்கு முன்னால், கிடந்தபடியே முழுதாக ஒரு படம் வேண்டும் என்றாள் அக்கா. அளவு காட்டப் பக்கத்தில் ஒரு கோல் வைக்க வேண்டுமாம். கோல் ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

"நீ பக்கத்துல படுடா" என்றாள்.

படுத்தேன். கிளிக் செய்து, தன் வழிகாட்டியான நாகநாதன் சாருக்கு அனுப்பினாள். ஐந்தே நிமிஷத்தில் அவர் போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். எல்லாரும் குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"விண்ணரசி, ரெண்டு கெடச்சிருக்காம்மா? ரெண்டாவதுல சதை அப்படியே இருக்கே."

அப்பா சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ரெத்தினம் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். என் சிரிப்பு அடங்கத்தான் அதிக நேரம் பிடித்தது என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா என் தோளில் கைபோட்டாள். "கோவிச்சுக்காதடா. மொதல்ல பாத்தது நீதானே? அதனால பேரு ஒன் பேருதான். 'பூதலூர் கிளமென்ட்'. பேப்பர், புஸ்தகம் எல்லாத்துலயும் அப்படித்தான் வரப்போவுது."

அவள் அதை அன்பளிப்பாகத்தான் கொடுத்தாள், எனக்குத் தெரியும். நான் வரலாறு படிப்பவன், எனக்கு அந்தப் பாடப்புத்தகம் கண் முன்னால் வந்தது. கிளமென்ட் மிகவும் குட்டையானவன். அவன் மூளை சிறியது. கிளமென்ட் ஏன் அழிந்தான், ஐந்து மதிப்பெண்களுக்கு விடையளி.

அப்போதுதான் எனக்குக் குறுவை நடவு ஞாபகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள், மேடம். தொல்லியல் ஆட்கள் வருவார்கள், கயிறு கட்டுவார்கள், மேட்டூர் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும், நாங்கள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று நாற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு விவசாயி மகனாக நான் சும்மா இருக்க முடியாது. அப்பா மட்டும், "திடலுதானம்மா, தாராளமா எடுத்துக்க. அதுல என்ன நெல்லா வெளையிது?" என்று அக்காவிடம் சொன்னார். அப்பாவுக்குத் தொலைநோக்கு குறைவு.

திங்கட்கிழமை நாகநாதன் சார் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. எலும்புகள் பஞ்சில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில், என் கட்டிலுக்கடியில் இருந்தன. ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைக்கு வீடே கிளம்பியது. எனக்கு வயிற்றுவலி என்றேன். அக்கா பாதி வழியிலிருந்து திரும்பிவந்து, ஓம வாட்டரைத் தலைமாட்டில் வைத்து, "வந்து கஞ்சி வச்சுத் தரேன், படு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓம வாட்டரைக் குடித்தேன். அன்பாகக் கொடுத்ததை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

முகம்மது யூசுப் பாயின் மாவு மில் ஞாயிறும் உண்டு. சாக்கைக் கொடுத்தேன்.

"என்னடா தம்பி?"

"எலும்பு, பாய். நாத்தங்காலுக்கு."

"மிளகா மெஷின்ல போடமாட்டேன், சொல்லிட்டேன். பிண்ணாக்கு மெஷின்ல வேணா போட்டுத் தரேன்." சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "என்னடா, காத்து மாதிரி இருக்கு?"

"பழசு, பாய்."

"எவ்வளவு பழசு?"

"நாளைக்கு ஒரு சார் வராரு. அவரு வந்தாத்தான் தெரியும்."

நான் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றுவலி தவிர.

மண்ணுக்குள் எத்தனையோ ஆயிரம் வருஷம் தாங்கியது வேப்பம்பிண்ணாக்கு மெஷினில் நாலு நிமிஷம் தாங்கவில்லை. மண்டை, தாடை, அந்த ஞானப்பல், விரல்கள், எல்லாம். பாய் பழக்கதோஷத்தில் தராசில் வைத்தார். ஒன்றே முக்கால் கிலோ. ஒரு மனித இனம் மொத்தமும், நமக்குத் தெரிந்தவரை, ஒன்றே முக்கால் கிலோ. கொஞ்சம் மெஷினில் ஒட்டியிருக்கும்.

பூசை முடிந்த மணி அடிப்பதற்குள் நாற்றங்காலில் தூவி, மண்வெட்டியால் கிளறிவிட்டேன். மீதி நேரத்தில் மறுபடி படுத்துக்கொண்டேன். கஞ்சி நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அக்கா பெட்டியைத் திறந்தாள். பஞ்சு மட்டும் இருந்தது. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து, ஒன்பது நாள் வாய்க்கால் கரை முழுக்கத் தேடினாள். நானும் கூடவே தேடினேன். கருவேலம் புதருக்குள்ளெல்லாம் நான்தான் நுழைந்தேன், உடம்பு வாகாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் திடல் மண்ணை அம்மாவின் ரவைச் சல்லடையில் சலிக்க ஆரம்பித்தாள். ஒரு பல்லாவது உதிர்ந்திருக்காதா என்று. ஆறு மாதமாகச் சலிக்கிறாள். சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வது நான்தான். "நீ ஒருத்தன்தான்டா என்னை நம்புற" என்பாள். உண்மைதான், என் அளவுக்கு உறுதியாக வேறு யாரும் நம்ப முடியாது.

குறுவை நன்றாக விளைந்தது. நாற்று கரும்பச்சை. போன வாரம் குழுவோடு இடத்தைப் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்களே, அது அந்த நெல்தான். புது அரிசி, கொஞ்சம் குழைந்துவிட்டது என்று அம்மாவுக்கு வருத்தம். நீங்கள் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டதில் அவளுக்குப் பெரிய ஆறுதல்.

எழுந்து ஓட வேண்டாம், மேடம், தண்ணீர் குடியுங்கள். நான் இருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தேன். பிழை இல்லை. குறுவைக்காகச் செய்தேன் என்று தெளிவாக இருக்கிறது, நன்றி. ஒரே ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் படத்தில் இடுப்புக்குக் கீழே என்னைக் கைலி மூடியிருக்கிறது, பார்த்தீர்களா? உள்ளே நான் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தேன். நீட்டியிருந்தால் நான் வேறு மாதிரித் தெரிந்திருப்பேன். அந்த வரியைச் சேர்த்தால் இப்போதே கையெழுத்து.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். புரிகிறது. அக்கா அளந்து எழுதிய நோட்டை யாரும் நம்பவில்லை. எலும்பு இனி இல்லை. அளவு தெரிகிற படம் அது ஒன்றுதான், அதிலும் அளவுகோல் நான். கோல் மடங்கியிருந்தது என்று நானே எழுதிக் கொடுத்தால் படம் செல்லாது. அப்புறம் மூன்றரையடி மனிதனும் இல்லை, அக்காவுக்கு ஒரு சாட்சியும் இல்லை. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அவள் வெளியே பெஞ்சில், மடியில் சல்லடையோடு, என்னை நம்பி உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும்.

முழங்கால் மடங்கித்தான் இருந்தது, மேடம்.