ஏழு ரொட்டி

ஹட்டனில் பஸ் புறப்படக் காத்திருந்தபோது, எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ஏழு ரொட்டி கொண்டு போனேன் கலா. ஏழும் அப்படியே திரும்பி வருது."

சொன்னவள் மடியில் சாப்பாட்டுப் பெட்டி. காலடியில், பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு விளக்கிவிட்டுச் சுருட்டிய பெரிய தாள்கள்.

"நல்லா நடத்துனீங்க. எல்லாருக்கும் வெளங்குச்சு," என்றாள் கலா.

"அத விடு. நான் படிப்பிச்ச ஸ்கூல்லயே பயிற்சி வச்சிருக்காங்களே, நம்ம பழைய ஏழு பேரும் ஸ்டாஃப் ரூம்ல ஒன்னா சாப்பிடுவோம்னுதான் சுட்டேன்."

"பிரின்சிபல் ரூம்ல ஒங்களுக்கு மேச விரிச்சு வச்சிருந்தாங்களே."

"ஆமா, வச்சிருந்தாங்க. சோத்துக்கு மேல இன்னொரு தட்டு மூடி, கரண்டியெல்லாம் போட்டு. எதுத்தாப்புல ஒரு ஆள் இல்ல. பக்கத்து ரூம்ல நீங்க சிரிக்கிறது மட்டும் கேட்டுச்சு. நீயாவது வந்து கூப்பிட்டிருக்கலாம்."

"பயிற்சி குடுக்க வந்தவங்கள எப்படிங்க கூப்பிடுறது?"

"போன வருசம் வரைக்கும் என் பெட்டியில கைய வுட்டு தேங்காச் சம்பல வழிச்சவதானே நீ?"

கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் புறப்பட்டு டிக்கோயா பக்கம் இறங்கத் தொடங்கியது. மற்றவள் பெட்டியைத் திறந்து நீட்டினாள். தேங்காய் ரொட்டி மணம் என் வரைக்கும் வந்தது.

"இப்பவாவது ஒன்னு தின்னு."

கலா ஒன்றை எடுத்தாள். அதைக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வீட்டுக்குப் போயி சாப்பிடுறேங்க, மெடம்."