ஐந்தாம் மாடியில் ஒரு பல்பு

என்னை உட்காரவைத்த பெஞ்சுக்கு எதிரே ஓர் அறை. உள்ளே ஆள் இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, இரண்டு ட்யூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. எழுந்துபோய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உங்கள் காவலர் என்னை முறைத்தார். அவர் மேல் தப்பில்லை. அணைப்பவர்களைத்தான் எப்போதும் முறைப்பார்கள்.

சனிக்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். ஐந்தாம் மாடி அம்மா இறந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளியில் உலக நாட்களெல்லாம் என் பொறுப்பு. தண்ணீருக்கு ஒரு நாள், காட்டுக்கு ஒரு நாள், சிட்டுக்குருவிக்கு, ஓசோனுக்கு, கை கழுவுவதற்கு. நாள் போதாது என்று ஆண்டுகள். ஆண்டும் போதாது என்று பத்தாண்டுகள். ஒரு தண்ணீர்ப் பத்தாண்டு முடிந்து இன்னொரு தண்ணீர்ப் பத்தாண்டு ஆரம்பித்தது. முந்தைய பத்தாண்டு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பழைய சார்ட்டின் மேல் புதிய சார்ட்டை ஒட்டினேன்.

தலைமை விருந்தினர் மூன்று கார்களில் வருவார். தூய காற்றைப் பற்றி அவர் பேசி முடிக்கும்வரை மூன்று இன்ஜினும் வாசலில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் அல்லவா. பிள்ளைகள் கை தட்டுவார்கள். பிஸ்கட் உறையை மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எல்லோரும் போன பிறகு நான் குனிந்து பொறுக்குவேன். என் வேலைக்காலம் முழுவதும் அப்படித்தான் போயிற்று. இதைப் புகாராகச் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

எங்கள் குடியிருப்பு ஐந்து மாடி. மாடிக்கு நான்கு வீடு. செயலாளர் வேலைக்கு யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். வந்த முதல் மாதமே மாடித் தொட்டி வழிவதை நிறுத்தினேன். அதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. காலையில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மட்டும் சொன்னார்கள்.

வருஷத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, உலகம் முழுவதும் விளக்கை அணைக்கிறார்கள். பூமிக்காக ஒரு மணி நேரம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் நகரத்தில் ஒரு சங்கம் அன்றைக்குப் போட்டி வைக்கிறது. ஒரு வெளிச்சம்கூட இல்லாமல் முழுக் கட்டடமும் இருண்டு நிற்கும் படத்தை அனுப்ப வேண்டும். ஜெயித்த கட்டடத்துக்குக் கேடயம். எதிர்க் கட்டடக்காரர்கள் அதைத் தொடர்ந்து வாங்கி வாசல் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாய்களெல்லாம் ஒழுகுகின்றன. நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் போட்டு எங்கள் ஆட்களிடம் சொன்னேன்.

"டீச்சர், வருஷத்துல ஒரு நாளாவது எங்களுக்குன்னு விட்டு வைங்க" என்றார் முதல் மாடி டாக்ஸிக்காரர்.

"தூக்கத்துக்குக்கூட ஒரு நாள் இருக்காமே. அதை மட்டும் ஏன் டீச்சர் கொண்டாட மாட்டேங்கறீங்க?" என்றார் தையல்காரம்மா.

"இவ அதை தினமும் கொண்டாடறா டீச்சர். மதியம் வந்து பாருங்க" என்றார் அவர் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தாலும் அணைத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வீடுகள் அணைத்தன.

ஐந்தாம் மாடியில் ஒரு வீடு மட்டும் அணைக்கவில்லை. அங்கே இருப்பவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். பிரஸ்காரர் என்போம். அவர் மனைவி பஞ்சாலையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். கட்டில் பக்கத்தில் ஒரு மெஷின். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்டில் ஓடும். இரவும் பகலும் ஓட வேண்டும். அந்த மெஷினைப் பற்றி நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் குறையெல்லாம் அந்த அறையில் எரியும் பல்பு பற்றித்தான்.

முதல் வருஷம் சொன்னேன், தலையாட்டினார், பல்பு எரிந்தது. அடுத்த வருஷம் ஜன்னலில் போர்வை கட்டினார், ஓரத்தில் வெளிச்சம் வழிந்தது. அதற்கடுத்த வருஷம் போர்வையும் இல்லை. மூன்று படங்களிலும் எங்கள் கட்டடம் கறுப்பாக, அழகாக, அந்த ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக. சங்கத்திலிருந்து, "நல்ல முயற்சி, அடுத்த முறை" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வதுபோல.

இந்த வருஷம் நானே மேலே போனேன்.

"மெஷின் ஓடட்டும். பல்பை மட்டும் அணைச்சிடுங்க" என்றேன்.

"இருட்டுனா இவளுக்கு இன்னும் மூச்சு முட்டுது டீச்சர். குழாய் நழுவினா எனக்குக் கண்ணு தெரியணுமில்ல?"

"ஜன்னலைச் சாத்திக்குங்க."

"சாத்தினா அடைச்சுப்போட்ட மாதிரி இருக்குங்கறா."

கட்டிலிலிருந்து அந்த அம்மா பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். "டீச்சரம்மா... ஒரு பல்புதானே. பூமி... கோவிச்சுக்காது. அப்படியே கோவிச்சுக்கிட்டா... என்கிட்ட அனுப்புங்க. நான் பேசி... சமாதானம் பண்றேன்."

பிரஸ்காரர் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார், சிரிப்பு இருமலானது. நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பல்புதானே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு குழாய்தானே டீச்சர். ஒரு கவர்தானே. ஒரு கார்தானே. ஒரு மரம்தானே, வேறு நட்டுக்கலாம். பூமியில் கெட்டுப்போனது எல்லாம் இப்படி யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் கெட்டுப்போனது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஐந்து மாடியும் நடந்தே இறங்கினேன், நான் லிஃப்ட் உபயோகிப்பதில்லை.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் அறை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு மெயின் சுவிட்ச். சாவி செயலாளரிடம், அதாவது என்னிடம். ஊரில் கரண்ட் போனால் எங்கள் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும், அந்த மெஷின் நிற்காது. ஆனால் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினால் ஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை. பல்பும் அணையும், மெஷினும் நிற்கும். அது எனக்குத் தெரியும். மெஷின் நின்றால் உபயோகிக்க அவர்கள் கட்டிலடியில் ஒரு சிலிண்டர் வைத்திருந்தார்கள். நிரம்பிய சிலிண்டர் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வரும். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை.

சனிக்கிழமை எட்டேகாலுக்கே எல்லோரையும் முற்றத்தில் பாய் விரித்து உட்காரவைத்தேன். கவுன்சிலர் வந்தார். இந்த முறை நடந்து வந்தார், தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு. செல்போன் வெளிச்சம்கூடப் படத்தில் விழக் கூடாது என்பதால் ஒரு கூடையில் எல்லோருடைய போனையும் வாங்கிவைத்தேன். வாட்ச்மேனுடையதையும்.

"போனுக்குப் பதிலா எங்க வீட்டுக்காரரையே கேட்டிருக்கலாம், சந்தோஷமா குடுத்திருப்பேன்" என்றார் தையல்காரம்மா.

எட்டரைக்கு நான் மீட்டர் அறைக்குப் போய், பிரஸ்காரர் வீட்டுச் சுவிட்சை இறக்கி, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் இல்லை. கட்டடமே இல்லாததுபோல இருந்தது, நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். என் வாழ்க்கையில் ஒரு காரியம் முழுதாக நடந்தது அப்போதுதான்.

பிள்ளைகள் மேளம் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். கூடை என் மடியில் இருந்தது. உள்ளே ஒரு போன் அதிர்ந்தது. நின்றது. வேறொன்று அதிர்ந்தது. ஒரு மணி நேரம் போன் இல்லாமல் இருக்க முடியாதா இவர்களால் என்று நினைத்து, கூடையின் மேல் என் துண்டைப் போட்டேன். துணி வழியாக அந்த அதிர்வு என் தொடையில் தெரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் மாடி ஜன்னலில் ஒரு சிறிய வெளிச்சம் வந்தது. செல்போன் டார்ச். இப்படியும் அப்படியும் ஆடியது.

"பிரஸ் தாத்தா" என்றது ஒரு குழந்தை. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து அவருக்குத் திரும்பக் கையாட்டினார்கள். டாக்ஸிக்காரர், "மனுஷன் குஷியாயிட்டாரு" என்றார். மேளச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

அவர் இறங்கி வந்திருக்கலாமே என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அந்த அம்மா அவருடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. மற்றக் கையால் டார்ச்சை ஆட்டியிருக்கிறார். ஆம்புலன்ஸையும் அவர்தான் கூப்பிட்டிருக்கிறார். அது வந்தபோது ஒன்பதரை தாண்டி, நான் சுவிட்சை ஏற்றிவிட்டிருந்தேன். ஐந்தாம் மாடி ஜன்னலில் மறுபடி வெளிச்சம் வந்தது, கை தட்டினார்கள். கை தட்டி ஓய்ந்த பிறகுதான் அவர் குரல் கேட்டது.

நேற்று இதுவரைக்கும்தான் சொன்னேன். சிலிண்டர் காலியாக இருந்தது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். ஒரு டீச்சர் பொய் சொல்லக் கூடாது. அதனால் சனிக்கிழமை மதியம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அன்று சிலிண்டரில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிரஸ்காரரே படியில் பார்த்தபோது சொன்னார். சனிக்கிழமை மாற்றுச் சிலிண்டர் வரும் என்றார். நான் அந்தச் சனிக்கிழமையை வாகனம் இல்லா நாளாகவும் அறிவித்திருந்தேன். வாசல் கதவில் சங்கிலி. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மதியமே லிஃப்டையும் நிறுத்தியாகிவிட்டது.

வாட்ச்மேன் வந்தார். "டீச்சர், சிலிண்டர் வண்டி நிக்குது. உள்ளே விடவா?"

"இன்னிக்கு எந்த வண்டியும் கிடையாதுன்னு சொன்னேனே."

"அஞ்சாவது மாடிக்கு, டீச்சர். தூக்கிக்கிட்டே வரேங்கறான், லிஃப்டை மட்டும் போடச் சொல்றான்."

"லிஃப்ட் ராத்திரிதான். திங்கட்கிழமை வரச் சொல்லுங்க."

சிலிண்டர்காரர் வாசலில் நின்று ஐந்து மாடியையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பிரஸ்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "டீச்சர், வண்டி திரும்பிப் போயிடுச்சாமே?"

"திங்கட்கிழமை வந்துடும்" என்றேன். "கரண்ட் இருக்கும்போது சிலிண்டர் எதுக்கு?"

"அதுவும் சரிதான்" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்போது மீட்டர் அறைச் சாவி என் கையில் இருந்தது. ராத்திரி என்ன செய்யப்போகிறேன் என்று முடிவு செய்து நான்கு நாளாகியிருந்தது. ஆமாம், எல்லாம் தெரிந்துதான் சுவிட்சை இறக்கினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு அவர்கள் மேல் கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, என்னிடம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மணி நேரம் கேட்டேன். ஒரே ஒரு மணி நேரம் அந்த அம்மா ஒத்துழைத்திருக்கலாம்.

படம் நன்றாக வந்திருக்கிறது. ஸ்டுடியோக்காரர் எதிர்த் தெருவிலிருந்து எடுத்தது. கட்டடம் முழுக்க ஒரே கறுப்பு. ஐந்தாம் மாடியில் மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, டார்ச்சை ஆட்டியதால் கோடாக விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையே போய், அதை மட்டும் அழித்துத் தரச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார்.

போட்டிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். உங்கள் வேலை முடிந்ததும் படத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அந்தக் கோட்டை வேறு ஸ்டுடியோவில் அழித்துக்கொள்கிறேன்.