நாலு சக்கர ஸ்கூட்டர்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன் சீட்டுப் பெண், "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நம்ம ஸ்கூட்டருக்கு நாலு சக்கரம்னா காரான்றாங்க, ரெண்டுன்னா பொய்யின்றாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அவள் காலோரம் இருந்த ஊன்றுகோலைப் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்த அவள் புருஷன் சொன்னான்: "பெங்களூர்ல சைடு வீல் மாட்டுனப்பவே நீ ஆர்.சி. புக்குல ஏத்தியிருக்கணும். இனிமே அங்க எடுத்துக்கினு போய் ஏத்துனாத்தான் தமிழ்நாட்டு நம்பர் கெடைக்கும்."

"கல்யாணமாயி வந்து அஞ்சு மாசம். வண்டி கோணியப் போத்திக்கினு நிக்குது."

"எங்க போவணும் சொல்லு, நான் இட்டுக்கினு போறேன்."

"பெங்களூர்ல வேல முடிஞ்சா ஏரிய ஒரு சுத்து சுத்திட்டுத்தான் ரூமுக்குப் போவேன்."

"நம்ம வளவனூர்லயும் ஏரி இருக்குது. பைக்ல ஏறு, காட்டுறேன்."

"உங்க முதுகத்தான் பாத்துக்கினு வரணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"லாரி பேசி பெங்களூருக்கே ஏத்திக்கினு போலாம்" என்றான் அவன். "புக்குல ஏத்துற வேல முடிஞ்சதும் அந்த ஏரிய ஒரு சுத்து ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"வாணாங்க" என்றாள். "நீங்க கரையில நில்லுங்க. நான் சுத்திட்டு வர்றேன்."