வேறு ஏதாவது ஆபரேஷன் உண்டா?

நாவன்மை மிக்கோர் நால்வர் காத்திருக்க, நாளெல்லாம் போனும் கையுமாக அலைகிற இந்த நர்ஸை முதலில் பேச அழைத்த அவைத் தலைவர் அவர்களே! கத்தி பிடிக்கும் கைகளால் வாசலில் நின்று அனைவரையும் கும்பிட்டு வரவேற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் அவர்களே! உடல் இளைத்தாலும் உறுதி இளைக்காத பெரியோர்களே! பழைய உடுப்பின் பாதிக்குள் நின்று பெருமையோடு படம் எடுத்துக்கொள்ளும் தாய்மார்களே! அவர்களை அழைத்துவந்த குற்றத்துக்காக, பின்வரிசையில் கொட்டாவியை மென்று விழுங்கும் கணவன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் இதயம் நிறைந்த வணக்கம்!

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ஆண்டுக் கூட்டம் இது. இங்கே பலருக்கு என் முகம் புதிது, குரல் பழையது. மறுபரிசோதனைக்கு வராதவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவதுதான் மருத்துவமனையில் என் வேலை. எனக்குப் 'போன் சிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். என் எண்ணைக் 'கடன்காரி' என்று பதிந்து வைத்திருப்பவர்களும் இந்த மண்டபத்தில் உண்டு. ஏன் குனிகிறீர்கள், ஐயா? நான் பெயர் சொல்லவில்லையே!

நான் கேட்பேன், "எப்படி இருக்கீங்க?" பதில் வரும், "சூப்பரா இருக்கேன் சிஸ்டர்." மாத்திரை? "சூப்பர்." ரத்தப் பரிசோதனை? "அதெல்லாம் எதுக்கு சிஸ்டர், நான்தான் சூப்பரா இருக்கேனே!" அன்பர்களே, இந்த 'சூப்பர்' என்ற சொல்லைக் கேட்டாலே நான் உஷாராகிவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு தையல் கடை. கணவர் துணி வெட்டுவார், மனைவி தைப்பார். தெருவே அவரைத் தையலக்கா என்று அழைக்கும். நாற்காலி போதாமல் பெஞ்சில் உட்கார்ந்து மெஷின் மிதித்தவர் அவர். சர்க்கரை, மூட்டுவலி, மூச்சிரைப்பு மூன்றும் முற்றிய பிறகு எங்களிடம் வந்தார். இரைப்பையைச் சிறிதாக்கி, குடலை மேலே கொண்டுவந்து இணைத்தார் நம் மருத்துவர். சிகிச்சை செம்மையாக முடிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்குப் போனார். அங்கேதான் வினை தொடங்கியது. அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டே வாழ்கிற குடும்பமல்லவா? ஞாயிறுதோறும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவர் அளவெடுப்பார். இடுப்பு இறங்கியிருந்தால் மாமியார் கைதட்டுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அன்றே பழைய சட்டையைப் பிரித்துப் பிடித்துத் தைப்பார்கள். எத்தனை அழகான வழக்கம்! எத்தனை ஆபத்தான வழக்கம்! உடம்பின் வெளியளவு நாடாவுக்குத் தெரியும். உள்ளே என்ன தங்குகிறது, என்ன தங்கவில்லை என்பது நாடாவுக்குத் தெரியுமா?

தெருப் பெண்கள் விடுவார்களா? "என்னக்கா பண்ற, இப்படி இளைச்சிட்ட?" என்று துளைத்தார்கள். ஆபரேஷன் என்று சொல்ல அக்காவுக்குக் கூச்சம். "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிக்கிட்டா" என்று பேசுவார்களோ என்ற பயம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: "சும்மா நடந்தேன்டி!"

வந்தது வினை! மறுநாள் விடிந்ததும் வாசலில் பெண்கள் வரிசை. "அக்கா, நாங்களும் நடக்க வரோம்." பால் கடைக்கார அம்மா வந்தார், பள்ளிக்கூட ஆயா வந்தார், மாடிவீட்டு மருமகள் வந்தார். அந்த மருமகளோ ஒட்டடைக்குச்சிக்கு உடன்பிறப்பு போல ஒல்லி, அவரும் வந்தார்! ஆபரேஷன் ஆன அக்கா முன்னே நடக்க, அவரை நம்பிய அணி பின்னே நடந்தது. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். கேட்டபோது நானும் சிரித்தவள்தான்.

ஆனால் தாய்மார்களே, அந்தத் தலைவி அப்போது தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். குடலை இணைத்த இடம் ஆறும்போது சுருங்கி, வழி குறுகிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும். உடனே வந்தால் குழாய் விட்டு, சின்ன பலூனை ஊதி விரித்துவிடலாம். அவர் வந்தாரா? வரவில்லை. விழுங்கிய சத்து மாத்திரையும் வெளியே வந்தது. வீட்டில் யாராவது பதறினார்களா? பதறவில்லை! "வெளிய வந்தா என்ன, அளவு குறையுதே" என்றார் மாமியார். "ஆபரேஷன் நல்லா வேலை செய்யுது" என்றார் கணவர். கேட்டுக்கொள்ளுங்கள்! வாந்தி வெற்றியல்ல! வாந்தி வெற்றியல்ல! விடாத வாந்தி, விரைந்து வா என்று உடல் கொடுக்கும் குரல்!

பிறகு ஒருநாள் கல்யாண உடுப்புக்குக் கரை தைக்க உட்கார்ந்தவர் ஊசியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "என்னங்க, ஊசிக்கு ரெண்டு காது தெரியுது."

கணவர் சிரித்தார். "கண்ணாடி மாத்தணும்" என்றார். மறுநாள் நடைக்குக் கிளம்பிய அக்கா கால் பின்னி, தெருமுனையில் சாய்ந்தார். பின்னால் வந்த அணியே அவரைத் தாங்கிப் பிடித்து, பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனது.

அங்கே இருந்த மருத்துவர் நல்ல மனிதர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்காம்மா?" அக்கா சுற்றிலும் பார்த்தார். திரைக்கு இந்தப் பக்கம் பால் கடைக்கார அம்மா, அந்தப் பக்கம் ஆயா, தலைமாட்டில் மாடிவீட்டு மருமகள். தன்னை நம்பித் தூக்கம் கெட்டு நடந்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா சொன்னார், "இல்லைங்க டாக்டர்."

உயிரை விடவும் தயார், ஊர் வாயில் விழத் தயாரில்லை! நம்மில் எத்தனை பேர் அப்படி!

வாந்தி, மயக்கம் என்றால் வழக்கமாக என்ன செய்வார்கள்? குளுக்கோஸ் பாட்டில். கம்பியில் மாட்டிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான், மறுபரிசோதனைக்கு வராதவரைத் தேடிக் கணவரின் போனுக்குக் கூப்பிட்டாள் இந்தக் கடன்காரி.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசா வாந்தி, குளுக்கோஸ் ஏத்தப் போறாங்க. சாயங்காலம் சூப்பராயிடுவா."

"அண்ணே, நடை எப்படி இருக்கு?"

"தள்ளாடுது."

"கண்ணு?"

"அது ஒண்ணு சிஸ்டர், ஊசிக்கு ரெண்டு காது தெரியுதாம்."

பயந்துபோனேன், மறைப்பானேன்? வாந்தியோடு பார்வை இரட்டித்து, நடையும் தள்ளாடினால், பி-ஒன் என்ற வைட்டமின் சத்து வற்றி மூளை வாடுகிறது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தச் சத்தைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கிற கொஞ்சத்தையும் அது செலவழித்துவிடும். நினைவு போகலாம், உயிரும் போகலாம்.

"அண்ணே, ஆபரேஷன் ஆச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

குசுகுசுவென்று சொன்னார், "எல்லாரும் நிக்கறாங்க சிஸ்டர். சொல்லக் கூடாதுன்னு கண்ணைக் காட்டறா."

"அண்ணே, மானம் பார்க்கற நேரமா இது? ஊசி குத்தறதுக்கு முன்னாடி சத்தமா சொல்லுங்க!"

அன்பர்களே, அந்த மனிதர் வாழ்நாளில் மனைவி பேச்சைத் தட்டியதில்லை. அன்று தட்டினார்! போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து அவர் கத்தியது இன்றும் எனக்குக் கேட்கிறது. "டாக்டர், நிறுத்துங்க! இவளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு! எடை குறைக்கற ஆபரேஷன்! நடந்தெல்லாம் குறையல!"

மருத்துவர் குழாயைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினார். இந்தப் பக்கம் நான் போனை நம் மருத்துவரிடம் நீட்ட, இருவரும் நேராகப் பேசினார்கள். முதலில் பி-ஒன் மருந்து நரம்பில் ஏறியது, பிறகுதான் மற்றதெல்லாம். ஆம்புலன்ஸில் இங்கே வந்தார், சுருங்கிய வழி விரிக்கப்பட்டது. சில நாளில் ஊசிக்கு ஒரு காதே தெரிந்தது. கால் பலம் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தாமதத்துக்கு உடம்பு பிடித்துக்கொண்ட வட்டி அது.

தெருப் பெண்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா, அம்மா? பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன். முகத்தைத் திருப்பிப் படுத்திருந்த அக்காவின் கட்டிலருகே வந்து பால் கடைக்கார அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏன்டி, நீ விட்ட புளுகை நம்பி நடந்ததுல எனக்கு முட்டிவலியே போயிடுச்சு. இப்ப உன்னைத் திட்டறதா, கும்பிடறதா?" அக்கா அழுதார், சிரித்தார், மறுபடியும் அழுதார். இன்று அவர்கள் நடக்கிறார்கள். முன்னே போன அக்கா இப்போது நடுவில் போகிறார், இரு பக்கமும் இரண்டு தோள்கள்.

ஆகவே என் அருமைத் தோழர்களே! அறுவை ஒருநாள், அக்கறை ஆயுள் முழுவதும்! மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையை ஒத்திப்போடாதீர்கள். இனிப்பு உள்ளே போனதும் நெஞ்சு படபடத்து வியர்க்கிறதா? கால் மரத்துப்போகிறதா? தாங்க முடியாத வயிற்றுவலியா? வாருங்கள், உடனே வாருங்கள். எந்த மருத்துவர் முன் உட்கார்ந்தாலும், பல்லைப் பிடுங்கப் போனாலும்கூட, ஆபரேஷன் ஆனதை முதலில் சொல்லுங்கள். இந்த உடலைச் சுமந்தவர்கள் நீங்கள், சிகிச்சையைத் துணிந்து ஏற்றவர்கள் நீங்கள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவது வரிசையில் தையலக்கா உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதித்ததால்தான் இந்தக் கதையைச் சொன்னேன். சுற்றிலும் அதே பால் கடைக்கார அம்மா, அதே ஆயா, அதே மருமகள். அன்று தப்பான பதில் சொன்ன கேள்வியை, அதே ஆட்கள் முன்னால் இன்று மறுபடியும் கேட்கப்போகிறேன்.

அக்கா, வேற ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?

எழுந்திருக்கிறார். வேண்டாம், கை கொடுக்காதீர்கள், அவரே நிற்பார். மைக் வேண்டாமா அக்கா? சரி, சொல்லுங்க.

"ஆமா சிஸ்டர்! ஆகியிருக்கு! எடை குறைக்கற ஆபரேஷன்!"

கேட்டதா, கடைசி வரிசைக்கு? இப்போது உங்கள் எல்லோரையும் கேட்கிறேன். வேறு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?

ஆகா! கூரை அதிர்கிறது! இந்த 'ஆமா'வை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும், மணி அடிக்காமல் பொறுத்த தலைவருக்கும், சரியான நேரத்தில் மனைவி பேச்சைத் தட்டிய அந்த அண்ணனுக்கும் நன்றி. நாளை உங்கள் போன் அடித்தால் எடுங்கள், கடன்காரிதான் பேசுவேன். வணக்கம்!