பிரென்டிஸில் நாற்பத்தொரு புகை

1899 மார்ச் 9, வியாழக்கிழமை. யூகான் பிரதேசத்தில், பிரென்டிஸ் என்ற ஊரில், அன்று காலை நாற்பத்தொரு வீடுகளில் புகை எழுந்தது. நான் தினமும் எண்ணுவேன். ஊருக்கு வைத்திருந்தது என் பெயர். எண்ணத் தோன்றியதில் வியப்பில்லை.

ஊரை ஒட்டி ஓடும் ஓடையில் முதல் தங்கத்தை எடுத்தவர்கள் நானும் என் கூட்டாளி தோர்வால்டும்தான். அவன் நார்வேக்காரன். எங்களை நம்பித்தான் மற்றவர்கள் வந்தார்கள். ரொட்டிக்கடை வந்தது, தேவாலயத்துக்குச் சுவர் எழுந்தது. குளிர்காலம் முழுவதும் அவரவர் குழியைத் தோண்டினாலும் எல்லோருடைய கண்ணும் எங்கள் குழியின் மேல்தான். ஆழத்தில் மற்றவற்றுக்கு முந்தியது அது.

முந்தின நாள் புதன்கிழமை, தங்கம் படிந்திருக்க வேண்டிய அடிப்பாறை வந்தது. தோர்வால்ட் மூன்று சட்டி மண்ணை அலசினான்.

"பாத்தியா? ஒரு பொட்டுகூட இல்ல. மேல கெடந்ததோட சரி. சனிக்கிழமை ஊர்க் கூட்டத்துல சொல்லிடுறேன். பாவம், வேற எடம் பாக்கட்டும்."

"கொஞ்சம் பொறுக்கலாமே."

"எதுக்கு, ஊரு பேரு போயிடும்னா? யோவ் மேயரே, ஒம் பேர ஒரு நாய்க்கு வெய்யி. அதாவது ஒன்ன விட்டுப் போகாது."

நானும் சிரித்தேன். அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

எதற்கும் வடக்கு மூலையில் ஒரு சட்டி அள்ளிப் பார்த்துவிடுகிறேன் என்று மறுநாள் காலை கிளம்பினான். உறைந்த மண்ணை இளக்க இரவெல்லாம் குழிக்குள் விறகு எரியும். காலையில் அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கும். அதனால் முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம்; அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. பார்ப்பது, மேலே நின்று கயிற்று உருளையைச் சுற்றுகிறவன் வேலை. இறங்குகிறவன் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் கூட்டாளியை நம்பவில்லை என்று ஆகிவிடும். எங்கள் ஓடையில் அதுதான் மரியாதை.

தோர்வால்ட் திரும்பி நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். முப்பதாவது அடியில் மெழுகுவர்த்தி அணைந்தது.

"எரியுதா?"

"எரியுது."

வாளியில் கால் வைத்தான். "காபிய நீயே குடிச்சுத் தீத்துடாத," என்றபடி இறங்கினான்.

கயிறு இருமுறை இழுபட்டது. தூக்கு என்று பொருள். சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒருமுறை இழுபட்டது. கயிறு அசையாமல் நிற்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. அவனுக்குக் கல்லறை தோண்டவும் நிலத்தை நெருப்பு வைத்துத்தான் இளக்க வேண்டியிருந்தது. விறகை ஊரே கொடுத்தது. பாறையில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். நம்பிக்கை தருவதாக இருக்கிறது என்றேன். ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. எனக்காகச் செய்ததல்ல இது, சார்ஜென்ட். ஒரே ஆள் ஒரே சொல்லில் ஓர் ஊரைக் கலைக்கலாமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மே மாதக் கடைசியில் மற்றக் குழிகளும் பாறையைத் தொட்டன. எதிலும் ஒன்றுமில்லை. ஜூன் 6 அன்று முதல் நீராவிப் படகு வந்தது. பதினேழு பேருக்குத்தான் இடம் இருந்தது. முதலில் ஏறியவன் நான்.