கிழக்கு எண்பது ஏக்கர்

அந்த நாற்காலி வேணாம் தம்பி. இங்க உக்காருங்க, இல்ல ஜன்னலோரமா உக்காருங்க. அது மட்டும் வேணாம். உடைஞ்செல்லாம் போகல, நல்லாத்தான் இருக்கு. அது ஓரின் ஹாகனோட எடம். இல்ல, வரமாட்டான். வரலேன்னாலும் அது அவன் எடம்தான்.

வாசல்ல நிக்கிற வெள்ளக் காரு உங்களுதா? என் பிக்கப் வண்டிக்குப் பின்னாடி குறுக்க நிப்பாட்டியிருக்கீங்க. அட, உக்காருங்க. இப்ப எடுக்க வேணாம், எனக்கு இன்னிக்கு எங்கயும் போற வேலை இல்ல. பெவ், இவருக்கு ஒரு காப்பி குடும்மா. எனக்கும் கொஞ்சம் ஊத்து.

நியூயார்க்கா? அதான பாத்தேன். எலக்‌ஷன் வாசம் அடிச்சா போதும், உங்க ஆளுங்க அயோவாவுக்கு ஓடி வந்துருவாங்க. போன தடவ இதே மேசையில ஒருத்தர் உக்காந்து ஒன்றரை மணி நேரம் எழுதுனாரு. நானும் தொண்டத் தண்ணி வத்தப் பேசுனேன். பேப்பர்ல என்ன வந்துச்சு தெரியுமா? தொப்பி அணிந்த விவசாயி ஒருவர் கோபமாக இருந்தார். அவ்ளோதான். தொப்பி போடாத விவசாயி எங்கயாச்சும் இருக்கானா, சொல்லுங்க? இந்தத் தடவ பேரையாச்சும் போடுங்க. வெர்லின் டெஸ்டால். வயசு அறுபத்தெட்டு. கோபமாத்தான் இருக்கேன், அதையும் போட்டுக்குங்க.

கடை ஏன் காலியா இருக்குன்னு எங்கிட்ட கேட்டா? மத்த நாள்ல இந்த நேரத்துக்கு எட்டு பேரு உக்காந்து கத்திக்கிட்டிருப்போம். இன்னிக்கு அவங்களுக்கெல்லாம் ஒரு எடத்துல வேலை. எங்கேன்னு எதுக்கு உங்களுக்கு? அரசியல் கேக்கத்தான வந்தீங்க, அரசியலக் கேளுங்க.

எந்தக் கட்சியா? ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி ஆத்துல விடணும்னு நெனைக்கிற கட்சி. சிரிக்காதீங்க. வாஷிங்டன்ல ஒருத்தரு சீனாக்காரன் சாமானுக்கு வரி போட்டாரு. அவன் நம்ம சாமானுக்குத் திருப்பிப் போட்டான். இவரு இன்னும் கொஞ்சம் போட்டாரு. நான் எவன் சாமானத் தொட்டேன்? என் இரும்புக் குதிர்ல போன வருஷத்து சோயா அப்படியே கெடக்கு. சீனாக்காரன் பிரேசில்ல வாங்கிக்கிறான். இருவது வருஷமா கப்பல் கப்பலா வாங்குனவன், ஒரே நாள்ல எங்கள மறந்துட்டான். அந்தக் கட்சிதான் இப்படின்னா இந்தக் கட்சிக்காரங்க ஒழுங்கா? போன மாசம் ஒரு அம்மா ஓட்டுக் கேட்டு வந்துச்சு. சோயா விவசாயிகளோட வேதனை எனக்குத் தெரியும்னு சொல்லி, என் வயல் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிச்சு. பின்னாடி நின்னது மக்காச்சோளம். ஆளு ஒசரத்துக்கு நிக்குது! இவங்கதான் உலகத்துல எவன் கூட சண்ட போடணும், எவனுக்குக் காசு குடுக்கணும்னு முடிவு பண்றாங்க.

ஓரினா? அவன எதுக்குக் கேக்கறீங்க? நாற்காலியப் பத்தி நான் சொன்னதாலயா? சரியான ஆளுதான் நீங்க.

அந்தச் செவுத்தப் பாருங்க. கொக்கியில வரிசையாத் தொங்குதே, அதெல்லாம் எங்க கப்பு. பேரு எழுதியிருக்கும். கோடியில நீலக் கப்பு தெரியுதா, அதான் ஓரினோடது. ரெண்டு வருஷமா யாரும் எறக்கல. அவன் நிலமும் என் நிலமும் ஒட்டிக் கெடக்கு, நடுவுல ஒரு கம்பி வேலிதான். இருவத்தெட்டு வருஷம் இந்த மேசையில எதிரும் புதிருமா உக்காந்து சண்ட போட்டிருக்கோம். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா பனி காயற வரைக்கும். ஏன்னா அறுப்புக் காலத்துல சோயா செடியில ஈரம் இருந்தா மிஷின் அறுக்காது, சுத்திக்கும். பத்து மணி வரைக்கும் சும்மா உக்காரணும். சும்மா உக்காந்த ஆம்பளைங்க என்ன பண்ணுவாங்க? நாட்ட ஆளுவாங்க.

நான் ஒண்ணு சொன்னா அவன் வேற சொல்லுவான். அவன் சொல்றதக் கேட்டுட்டு நான் மாத்திச் சொல்லுவேன். பத்து மணிக்கு எந்திரிச்சு, ஏன் வெர்லின், உன்கிட்ட அந்தப் பெரிய ஸ்பேனர் இருக்கான்னு கேப்பான். இருக்கு, எடுத்துக்கன்னுவேன். அவ்ளோதான் சண்ட.

இராக் சண்ட வந்துச்சே, அப்பதான் மொத மொத முறுக்கிக்கிச்சு. யாரு சண்ட வேணும்னது, யாரு வேணாம்னதுன்னா கேக்கறீங்க? எழுதாதீங்க. பேனாவக் கீழ வைங்க, சொல்றேன்.

வேணும்னவன் நான். ஆமா, நாந்தான். மேசையத் தட்டி, போட்டுத் தள்ளணும் அவனுங்களன்னு கத்துனேன். பட்டாளத்துக்குப் போனவங்களுக்காகக் கட்டுவாங்களே, அந்த மஞ்ச ரிப்பன என் தபால் பெட்டிக்குக் கட்டுனேன். ஓரின் வேணாம்னான். அங்க போயி நமக்கு என்னடா வேலைன்னான். அவன் பையன் கர்ட் அப்ப பள்ளிக்கூடம் முடிச்சு, காலைல எங்க கூட வந்து உக்காருவான். நாங்க பேசறதக் கேட்டுக்கிட்டே இருந்தான். ஒருநாள் போயி பட்டாளத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டான். நான் அவன் முதுகுல தட்டிக் குடுத்தேன். ஓரின் காப்பிக் காச வெச்சுட்டு வயலுக்குப் போயிட்டான்.

பதினாலு மாசத்துல திரும்பி வந்தான். எடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல.

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. ஓரின் மாறிட்டான். அந்தச் சண்டை தப்புன்னு எவனாச்சும் வாயத் தொறந்தா எரிஞ்சு விழுவான். நானும் மாறிட்டேன். அங்க பயங்கர ஆயுதம் இருக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சதும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! ரிப்பன அறுத்துத் தூக்கிப் போட்டேன். டிவியில எவன் வந்து பேசுனாலும் செருப்பால அடிக்கணும் போல இருக்கும். அன்னிலேருந்து ஆளு மாத்தி ஆளு அதே சண்ட. வேணாம்னவன் வேணும்னான், வேணும்னவன் வேணாம்னேன். ஒரு அப்பனுக்கு வேற வழி இல்லன்னு இப்பப் புரியுது. பையன் கால் போனது வீண்னு எந்த அப்பன் ஒத்துக்குவான்? அப்பப் புரியல. எனக்கு ஜெயிக்கணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வசந்த காலத்துல, இந்த வரிச் சண்ட ஆரம்பிச்ச புதுசு. நாட்டுக்காகக் கொஞ்ச நாள் பொறுத்துக்குவோமேன்னு ஓரின் சொன்னான். அதுக்கு நான்... இருங்க, காப்பி ஆறிப்போச்சு. பெவ்!

பொறுத்து என்னடா கண்டோம்னு கேட்டேன். உன் பையன் காலக் குடுத்தியே, அதுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டேன். ஒரு மண்ணும் வரலல்லன்னு கேட்டேன். எல்லாரும் இருந்தாங்க. கர்ட்டும் இருந்தான், கல்லாப்பெட்டி பக்கத்துல, பில்லுக்குக் காசு குடுத்துக்கிட்டு.

ஓரின் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். கப்பக் கவுத்து வெச்சான். எந்திரிச்சான். போயிட்டான்.

மன்னிப்பா? நான் எதுக்குக் கேக்கணும்? சொன்னது பொய்யா? நீங்க நாலு எழுத்து படிச்சவரு, நீங்க சொல்லுங்க, அந்தச் சண்டையில என்ன கெடச்சுது? நான் சொன்னது நெசம். நெசத்துக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?

சரி, கேளுங்க. போன அறுப்புல எனக்கு நெஞ்ச அறுத்து ஆபரேஷன். சோயா முத்தி நிக்குது, நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கேன். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு தம்பி. ஒருத்தன் அறுப்பு நேரத்துல படுத்துட்டான், இல்ல செத்துட்டான்னா, சுத்துப்பட்டுல இருக்கறவங்க எல்லாம் அவங்கவங்க அறுப்பு மிஷின எடுத்துக்கிட்டு ஒரே நாள்ல வந்து அவன் வயல முடிச்சுக் குடுத்துருவாங்க. யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டு வந்தா அது கேவலம். தானா வரணும். என் வயலுக்கும் வந்தாங்க. என் சம்சாரம் போட்டோ எடுத்து அனுப்புனா. படுத்துக்கிட்டே எண்ணுனேன். பதினாலு மிஷின். எங்க ஊர்ல மூஞ்சியெல்லாம் பாக்க மாட்டோம், மிஷின வெச்சுத்தான் ஆளு. ஓரினோடது பழைய பச்ச மிஷின், எடப்பக்கக் கதவு மட்டும் வேற நெறம். அது இல்ல. மறுபடி எண்ணுனேன். இல்ல.

எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? சத்தியமா சொல்றேன், சந்தோஷமா இருந்துச்சு. இதே மேசைக்கு வந்து ஒரு வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன். சண்டை இருக்கட்டும்யா, நெஞ்சறுத்துக் கெடக்கறவன் வயலுக்கு வராதவன் ஒரு மனுஷனா, நாட்டுப்பற்றப் பத்திப் பேச அவனுக்கு என்ன யோக்கியதைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் கப்புக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தானுங்க. பெவ், உனக்கும் தெரியும்ல? அங்க என்னத்தத் தொடைக்கிற, மேசை சுத்தமாத்தான் இருக்கு. என்னப் பாத்துச் சொல்லு. பாத்தீங்களா, அவளுக்கும் தெரியும்.

ஓரின் செத்துட்டான் தம்பி. ஒம்போது நாள் ஆச்சு. ரெண்டு வருஷமா உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு இருந்திருக்கு, கணையத்துல. வெளிய சொல்லல. வியாழக்கிழமை அடக்கம். நான் போகல. என் வயலுக்கு அவன் வரல, அவன் குழிக்கு நான் எதுக்குன்னு வீட்டுல உக்காந்து டிவி பாத்தேன்.

ஆமா. இன்னிக்கு எல்லாரும் அங்கதான் இருக்காங்க. ஓரின் வயல்ல. பதினொரு மிஷின் காலைலயே ரோட்டுல போச்சு, எண்ணுனேன். நாளைக்கு மழைங்கறாங்க. இன்னிக்கு முடிக்கலேன்னா சோயா தரையிலதான். என் மிஷினா? நேத்தே எண்ணெய் போட்டுத் தொடச்சு நிறுத்தியிருக்கேன். ஏன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது.

அதெல்லாம் பெரிசில்ல. இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு கர்ட் வந்தான். என் வீட்டு முத்தத்துல, அந்த இரும்புக் கால ஊனிக்கிட்டு நின்னான். உள்ள வாடான்னேன். வரல. ரெண்டு விஷயம் சொல்லச் சொல்லி அப்பா சொல்லிட்டுப் போனாருன்னான். ஒண்ணு, போன வருஷம் அப்பா உங்க வயலுக்கு வந்தாரு. அவரு மிஷினப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சுரும்னு அத எடுத்துட்டு வரல, மிஷினுக்குப் பக்கத்துலயே போயி தானியம் வாங்குதே தொட்டி வண்டி, வேற ஒருத்தர் டிராக்டர்ல அத இழுத்து நாள் பூரா ஓட்டுனாரு. யாரும் வெர்லின் கிட்ட சொல்லக் கூடாது, சொன்னா அதுலயும் ஒரு வாக்குவாதம் பண்ணுவான்னாரு. நான் போட்டோவ மறுபடி எடுத்துப் பாத்தேன் தம்பி. தொட்டி வண்டி இருக்கு. அத இழுக்குற டிராக்டருக்குள்ள ஒரு தொப்பி தெரியுது. தொட்டி வண்டிய எவன் பாப்பான்? நான் மிஷினத்தான எண்ணுனேன்!

ரெண்டாவதா? கிழக்கு எண்பது ஏக்கர். அவன் நிலத்துல என் வேலிய ஒட்டுன துண்டு. அத மட்டும் யாரும் தொடக் கூடாது, வெர்லின் வந்து அறுப்பான், திட்டிக்கிட்டே வருவான், ஆனா வருவான்னு சொல்லிட்டுச் செத்திருக்கான். எப்படி இருக்கு? இருவத்தெட்டு வருஷம் சரிக்குச் சரி பேசுனவன், கடைசி வார்த்தைய சொல்லிட்டுப் போயிட்டான். நான் யார்கிட்ட போயி பதில் சொல்றது? எதுக்க ஆளு இல்லயே! எப்படி ஜெயிச்சுட்டான் பாத்தீங்களா, தேவடியா மவன்!

ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. அறுப்புக் காலம்னா இங்க அப்படித்தான்.

தொட்டி வண்டிய யாரு ஓட்டுவான்னு கர்ட் கிட்ட கேட்டேன். நாந்தான்னான். போயிட்டான். அது எப்படின்னா தம்பி, மிஷின் ஓடிக்கிட்டே தானியத்தக் கொட்டும். பக்கத்துலயே தொட்டி வண்டி அதே வேகத்துல வரணும். ஒருத்தன் கொஞ்சம் முந்துனாலும் அம்புட்டும் தரையில. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே ஓட்டணும். அந்தச் சத்தத்துல ஒரு வார்த்த கேக்காது. பேசவே முடியாது. எண்பது ஏக்கர், ஆறேழு மணி நேரம், நான் ஒரு வார்த்த பேச முடியாது.

மணி என்ன? பத்தே காலா? வெளிய புல்லப் பாருங்க, பளபளப்பு போயிருச்சா? போயிருச்சு. பனி காஞ்சாச்சு.

பெவ், அந்த நீலக் கப்ப எறக்கி ஒரு துணியில சுத்திக் குடும்மா. கர்ட் கிட்ட குடுக்கணும். தம்பி, எந்திரிங்க, காரை எடுங்க. என் வண்டி வெளிய வரணும்.